மாடிப்படி யாருடையது? மாஸ்கோ ஐந்து தள வீடுகளின் கதை

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)



“சார், பில்டிங்கை இடித்துக் கட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீங்கள் பேங்கில் ஹவுசிங் லோன் சீட்டில் இருந்தவர். ஏதாவது பேசுங்களேன்” என்று தலைவர் கேட்டுக்கொண்டார். நம் பில்டிங்கைப் பற்றி நேராகப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் என்ன ஆகும் என்று போன ஜெனரல் பாடியில் பார்த்தோம். அதனால் யாருக்கும் கோபம் வராத தூரத்தில் இருக்கிற ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன். மாஸ்கோ. அங்கே 2017-இல், சுமார் 10 லட்சம் பேர் குடியிருக்கும் 5,100-க்கும் மேற்பட்ட கட்டிடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். நம்மைப் போலவே அங்கேயும் பாதிப் பேருக்கு நாளைக்கே இடிக்க வேண்டும், பாதிப் பேருக்கு ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது.

என் வயதுக்காரர்களுக்கு மாஸ்கோ அந்நியமான ஊர் இல்லை. “சோவியத் நாடு” பத்திரிகையின் வழவழத் தாளில்தான் நம்மில் பலர் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். புதுப் புது அடுக்குமாடிக் கட்டிடங்களின் படம் போட்டிருக்கும். அந்தக் கட்டிடங்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் அவை ஏன் வந்தன என்று சொல்ல வேண்டும். புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் பெரிய வீடுகளை அரசாங்கம் எடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று குடி வைத்தது. நம் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சமையலறை ஒன்று, அதில் குடும்பத்துக்கு ஒரு மேஜை. கழிப்பறை ஒன்று. வாசல் மணியை இந்தக் குடும்பத்துக்கு ஒரு முறை, அந்தக் குடும்பத்துக்கு இரண்டு முறை என்று அடிக்க வேண்டும். கரண்ட் பில் சண்டை வரக்கூடாது என்று ஒரே கழிப்பறைக்குக் குடும்பத்துக்கு ஒன்றாகத் தனித்தனி பல்பும் ஸ்விட்சும் வைத்திருந்த வீடுகள் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு நெருக்கடி இன்னும் மோசமானது.

1957 ஜூலையில் குருஷ்சேவ் அரசு ஒரு தீர்மானம் போட்டது. குடும்பத்துக்கு ஒரு தனி வீடு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டுப் பஞ்சம் தீர வேண்டும். தூண், சிற்பம், அலங்காரம் எல்லாம் ஏற்கனவே 1955-இலேயே வீண் செலவு என்று நிறுத்தப்பட்டிருந்தன. சுவரைத் தொழிற்சாலையில் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து மாட்ட வேண்டியதுதான். விதாலி லகுதென்கோ என்ற என்ஜினியர் போட்டுக்கொடுத்த கே-7 என்ற மாடல் இதில் பேர்பெற்றது. தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளம். ஏன் ஐந்து? ஆறாவது வந்தால் லிஃப்ட் வைக்க வேண்டும். லிஃப்ட் செலவு. கணக்கு அவ்வளவுதான்.

கூரை உயரம் இரண்டரை மீட்டர், நம் கணக்கில் எட்டடிக்குச் சற்று மேல். சமையலறை ஐந்தாறு சதுர மீட்டர், அதாவது 65 சதுர அடிக்குள். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரை மெல்லிதாக்கி ஓர் அலமாரி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் அதுதான் ஃபிரிட்ஜ். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். ஆனாலும் இருபது வருஷம் ஒரே அறையில் மாமனார் மாமியாரோடு இருந்துவிட்டுத் தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிக்கொள்கிற சந்தோஷத்தை நினைத்துப் பாருங்கள். மாஸ்கோவின் தென்மேற்கே நோவியே செரியோமுஷ்கி என்ற இடத்தில்தான் முதலில் சோதனையாகக் கட்டினார்கள். அந்தக் குடியிருப்பைப் பற்றி ஷோஸ்தகோவிச் மாதிரி ஒரு பெரிய இசைக்கலைஞர் ஓர் ஆபரெட்டாவே எழுதினார். வீடு ஒதுக்கீட்டுக்காக அலைகிறவர்கள்தான் அதில் கதாபாத்திரங்கள்.

பிறகு நாடு முழுவதும் இதே அச்சில் கட்டிக்கொண்டே போனார்கள். 1975-இல் இதைக் கிண்டல் செய்து ஒரு படம் எடுத்தார்கள். “விதியின் கேலி” என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மாஸ்கோக்காரர் ஒருவர் புத்தாண்டுக்கு முதல் நாள் குடித்துவிட்டு, தெரியாமல் விமானத்தில் ஏறி லெனின்கிராடில் இறங்கிவிடுவார். டாக்ஸியில் தன் வீட்டு முகவரியைச் சொல்வார். அதே பெயரில் அங்கேயும் தெரு, அதே மாதிரி கட்டிடம், அதே நம்பர் வீடு. அவர் சாவி அந்தப் பூட்டையும் திறக்கும்! உள்ளே நாற்காலி மேஜைகூட ஏறக்குறைய அதே. ரஷ்யாவில் இன்றும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு டிவியில் போடுகிறார்கள்.

அந்த வீடுகளை யாரும் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை செய்யும் இடமோ நகர நிர்வாகமோ ஒதுக்கும். வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும். வாடகை என்று பேருக்கு ஒரு தொகை. பல்பு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்றால் ‘ஜெக்’ என்ற வீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வருவார்கள், வராமலும் இருப்பார்கள். ஆனால் கூரையும் மாடிப்படியும் யாருடைய பொறுப்பு என்பதில் சந்தேகம் இல்லை. அரசாங்கத்தின் பொறுப்பு. ஒரே படிக்கட்டில் பேராசிரியரும் இருப்பார், பஸ் டிரைவரும் இருப்பார். பணத்தால் பிரிந்த ஏரியா என்பது அங்கே நம் ஊர் அளவுக்கு இல்லை.

1991 ஜூலை 4-இல் ரஷ்யக் குடியரசு ஒரு சட்டம் போட்டது. குடியிருக்கிற வீட்டை, விருப்பப்பட்டால், இலவசமாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். லோன் இல்லை, வட்டி இல்லை, இ.எம்.ஐ. இல்லை. நான் வேலை பார்த்த சீட்டில் இருந்து யோசித்தால் நம்பவே முடியாத காரியம்.

ஆனால் அடுத்த வருஷம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி சுமார் 26 மடங்காக ஏறியது. இருபது முப்பது வருஷம் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த பணம் பாஸ்புத்தகத்தில் அப்படியே இருந்தது, அதை வைத்து வாங்க ஒன்றும் இல்லை. பென்ஷன்காரர்கள் வீட்டுச் சாமானைத் தெருவோரத்தில் பரப்பி விற்றார்கள். நான் கவுண்டரில் இருந்தவன். பாஸ்புத்தகத்தை நீட்டும்போது வயதானவர்கள் கை எப்படி நடுங்கும் என்று பார்த்திருக்கிறேன். அங்கே அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். ஆக, சேமிப்பு போனது, வேலை போனது. மிச்சம் இருந்தது அந்த ஐந்து தளக் கட்டிடத்தில் ஒரு வீடு. தனியாக இருக்கும் முதியவர்களை ஏமாற்றி அந்த வீட்டையும் எழுதி வாங்கும் கும்பல்கள் அந்தக் காலத்தில் கிளம்பின. இன்னொருவர் வந்து “நல்ல வீடு தருகிறேன், காலி பண்ணுங்கள்” என்றால் அந்தத் தலைமுறைக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பது இதனால்தான்.

இப்போது தலைப்பில் இருக்கிற மாடிப்படிக்கு வருகிறேன். வீடு சொந்தமானது. மாடிப்படி? கூரை? சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்? சட்டப்படி அவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. நடைமுறையில் யாருக்கும் சொந்தமில்லை. பழைய வீட்டு அலுவலகத்துக்குப் பணமும் இல்லை, அக்கறையும் இல்லை. புது உரிமையாளருக்குத் தன் கதவுக்கு வெளியே இருப்பது தன்னுடையது என்ற நினைப்பே வரவில்லை. 1990-களில் எல்லாரும் இரும்புக் கதவு போட்டார்கள். கையில் காசு வந்தவர்கள் உள்ளே “எவ்ரோரெமோன்ட்” செய்தார்கள். ஐரோப்பிய பாணிப் புதுப்பிப்பு என்று அர்த்தம். ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ், பளபளக் குழாய் எல்லாம் வரும். அந்த இரும்புக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் பல்பு இல்லாத படிக்கட்டு, உரிந்த பெயின்ட், நசுங்கிய தபால் பெட்டிகள். ஒரே நாட்டின் இரண்டு காலங்கள் ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் பி பிளாக் மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் எட்டு மாதமாகத் தொங்குகிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன்.

2005-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத் தொகுப்பு, “உங்கள் கட்டிடத்தை யார் நிர்வகிப்பது என்று நீங்களே கூடித் தீர்மானியுங்கள்” என்றது. சங்கம் வைக்கலாம், தனியார் நிர்வாகக் கம்பெனியை அமர்த்தலாம், சிறிய கட்டிடமானால் நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம். பல கட்டிடங்களில் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. ஆள் வராத இடத்தில் நகர நிர்வாகமே ஒரு கம்பெனியைப் போட்டது. 2015 ஜூலையிலிருந்து மாஸ்கோவில் பெரிய ரிப்பேர்களுக்கென்று சதுர மீட்டருக்கு மாதம் 15 ரூபிள் கட்டாய வசூல் வந்தது. நம் கார்பஸ் ஃபண்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு தேர்வு இருந்தது. உங்கள் கட்டிடத்துக்கென்று தனிக் கணக்கு திறக்கலாம், இல்லையென்றால் நகரத்தின் பொது நிதியில் சேரும். அந்தப் பொது நிதிக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் “கொப்பரை”. தனிக் கணக்குக்குக் கூட்டம் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெரும்பாலான கட்டிடங்களின் பணம் கொப்பரைக்குத்தான் போனது.

இடிக்கிற வேலை 2017-இல் திடீரென்று முளைத்ததில்லை. லுஷ்கோவ் மேயராக இருந்தபோதே, இனி ரிப்பேருக்குத் தேறாது என்று 1,722 கட்டிடங்களைப் பட்டியல் போட்டு இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சில மாடல்களை ஆரம்பத்திலேயே தற்காலிகம் என்று நினைத்துத்தான் கட்டினார்கள், அவை ஐம்பது வருஷம் ஓடிவிட்டன. 2017 பிப்ரவரியில் மேயர் சோபியானின், ஜனாதிபதி புதினைச் சந்தித்தபோது திட்டம் பல மடங்கு பெரிதானது. முதலில் காதில் விழுந்தது சுமார் 8,000 கட்டிடம், 16 லட்சம் பேர் என்று. இடிப்பதைவிட அதற்கு வைத்த பெயர் எனக்கு வியப்பாக இருந்தது. “ரெனோவாட்ஸியா”, அதாவது புதுப்பித்தல். முழுதாக இடிப்பதற்குப் பெயர் புதுப்பித்தல்!

நகரமே இரண்டாகப் பிரிந்தது. இதில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது தளத்தில் இருக்கும் எழுபது வயது அம்மாள், பனியில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர், லிஃப்ட் உள்ள வீடு கேட்பது நியாயம். பழைய கட்டிடத்தில் இன்னும் ஒண்டுக்குடித்தனமாக அறையில் இருந்தவர்களுக்கு இதில் தனி வீடு கிடைக்கும். பாத்ரூம் குழாய் வருஷத்துக்கு இரண்டு தடவை வெடிக்கிற வீட்டில் ‘பாரம்பரியம்’ பேசினால் அடிக்க வருவார்கள். புது வீட்டில் அறைகள் அதே அளவானாலும் சமையலறையும் நடையும் பெரிது. மொத்தப் பரப்பு கூடவே கிடைக்கும்.

மறுபக்கத்தில் இருந்தவர்களும் சரியாகத்தான் பேசினார்கள். அறுபது வருஷத்தில் அந்தக் கட்டிடங்களைச் சுற்றி மரங்கள் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டன. ஜூன் மாதம் பாப்ளார் மரத்துப் பஞ்சு பனி மாதிரி பறக்குமாம். ஜன்னலைத் திறந்தால் பச்சை. ஐந்து தளத்தை எடுத்துவிட்டு அங்கே வருவது பதினைந்து, இருபது தளம். அதே தெரு, அதே பள்ளிக்கூடம், மூன்று நான்கு மடங்கு ஜனம். எல்லாக் கட்டிடமும் இடிந்து விழுகிற நிலையிலும் இல்லை. பட்டியலில் நல்ல செங்கல் கட்டிடங்களும் இருந்தன. “கட்டிடம் பழசு என்று இடிக்கிறீர்களா, இல்லை நிலம் நல்ல இடத்தில் இருக்கிறது என்று இடிக்கிறீர்களா?” என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டெடுப்பு 2017 மே 15 முதல் ஜூன் 15 வரை. மொபைல் செயலியிலும் போடலாம், அரசு சேவை மையத்துக்குப் போயும் போடலாம். ஒரு கட்டிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் அந்தக் கட்டிடம் திட்டத்தில் சேரும். மூன்றில் ஒரு பங்கு எதிர்த்துவிட்டால் தப்பிக்கும். ஓட்டே போடாதவர்? முதலில் சொன்னது, மௌனம் சம்மதம் என்று. கதவைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவரும், செத்துப்போனவரின் பெயரில் இருக்கிற வீடும் இடிக்கச் சம்மதம் என்று கணக்கு! எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் எந்த விகிதத்தில் பிரிந்தார்களோ, அதே விகிதத்தில் போடாதவர்களின் ஓட்டையும் பிரித்துவிடுவது என்றார்கள். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பேர் பேசி, முப்பது பேர் பேசாமல் இருந்தால், அந்தப் பத்துப் பேர் நாற்பது பேருக்குமாக முடிவு செய்கிறார்கள். ஆனால் நம் ஜெனரல் பாடி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் நாமும் இதைத்தான் வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறோம்.

மே 14 அன்று சகாரவ் அவென்யூவில் பல ஆயிரம் பேர் கூடினார்கள். வழக்கமான அரசியல் கூட்டம் மாதிரி இல்லை. பலர் அதற்கு முன் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவர்கள், கையில் தங்கள் வீட்டு நம்பர் எழுதிய அட்டை. இருபது வருஷம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் பெயர் தெரியாமல் இருந்தவர்கள் அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். கட்டிடத்துக்கு ஒரு ஃபேஸ்புக் குழு, ஒரு டெலிகிராம் குழு. 1991-இல் வீடு கிடைத்தபோது உண்டாகாத அக்கம்பக்கம், அது போய்விடுமோ என்ற பயத்தில் உண்டானது. நான் படித்தவற்றில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். சில கட்டிடங்களில் அந்தக் குழுவே சண்டைக்களமும் ஆனது. லிஃப்ட் கேட்கிற அம்மாளும் மரம் கேட்கிற இளைஞரும் அதன் பிறகு படியில் பார்த்தால் முகம் திருப்பிக்கொண்ட கதைகளும் உண்டு.

அந்தச் சத்தத்தால் சட்டத்தில் சில நல்ல மாற்றங்கள் வந்தன. அதில் ஒன்றை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. ரஷ்ய மொழியில் கேட்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வார்த்தைகள். ஒன்று “ரவ்னஸ்னாச்னயே”. அதே எண்ணிக்கை அறை, குறையாத பரப்பு, அதே வட்டாரம். அளவில் சமம். இன்னொன்று “ரவ்னத்ஸேன்னயே”. விலையில் சமம். முதல் வரைவு அளவைத்தான் பேசியது. மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கிற 500 சதுர அடியும், அதே வட்டாரத்தின் ஓரத்தில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்து இருபதாவது மாடியில் இருக்கிற 500 சதுர அடியும் அளவில் சமம்தான். விற்கப் போனால் தெரியும். மக்கள் கேட்டுக் கேட்டு, விரும்புகிறவர்கள் விலைச் சமமான வீடோ அல்லது பணமோ வாங்கிக்கொள்ளலாம் என்று இறுதிச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2017 ஜூலை 1-இல் புதின் கையெழுத்திட்டார். நீங்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் ‘சமம்’ என்ற வார்த்தை வந்தால், எதில் சமம் என்று கேளுங்கள்.

இரண்டாவது, நிலம். வீட்டைப் பெயர் மாற்றிக்கொண்ட பலருக்கு, கட்டிடம் நிற்கும் நிலமும் தங்களுக்குப் பொதுவில் சேரும் என்பதே தெரியாது. அது சேர வேண்டுமானால் அளந்து, எல்லை குறித்து, பதிவு செய்திருக்க வேண்டும். மாஸ்கோவில் ஏராளமான கட்டிடங்களுக்கு அது நடக்கவில்லை. அளந்த இடத்திலும் சில நேரம் சுவரை ஒட்டிக் கோடு போட்டு, மரமும் முற்றமும் வெளியே விடப்பட்டிருந்தன. பிரச்சினை வந்த பிறகுதான் ஓடி ஓடிக் காகிதம் தேடினார்கள்.

ஓட்டுப் போட்ட கட்டிடங்களில் மிகப் பெரும்பாலானவை சேரவே சம்மதித்தன. ஆகஸ்டில் இறுதிப் பட்டியல் வந்தது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர், எதிர்த்துப் போட்டவர் என்று பார்க்காமல் எல்லாரும் நகர வேண்டும். மறுத்தால் கோர்ட். பக்கத்துக் காலி மனையில் முதலில் ஒரு கட்டிடம் கட்டி, பழைய கட்டிடத்துக்காரர்களை அங்கே மாற்றி, காலியான இடத்தை இடித்து அடுத்ததைக் கட்டுவது என்று அலை அலையாகச் செய்கிறார்கள். இதை நான் பாராட்டுவேன். வாடகை வீட்டில் மூன்று வருஷம் காத்திருக்கிற அவஸ்தை இல்லை. திட்டத்தின் கெடு 2032. வேலை நடந்துகொண்டிருக்கிறது. புது வீட்டில் சந்தோஷமாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கார் நிறுத்த இடமில்லை, முற்றத்தில் நிழல் இல்லை, மேலே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள்.

இடிப்பது ஒன்றுதான் வழியா என்று ஒருவர் போன வாரம் லிஃப்டில் கேட்டார். அதே சோவியத் யூனியனில் இருந்து பிரிந்த எஸ்டோனியாவில் வேறு வழியில் போனார்கள். தலைநகர் டாலினில் முஸ்தமாயே, லாஸ்னமாயே என்று இதே மாதிரி பலகைக் கட்டிடங்கள் உள்ள பெரிய பகுதிகள் இருக்கின்றன. அங்கே வீடுகள் தனியார் கைக்குப் போனபோது கட்டிடத்துக்குக் கட்டிடம் சங்கம் வந்தது. 2018-இலிருந்து சட்டமே எல்லா அடுக்குமாடிக்கும் சங்கத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. அந்தச் சங்கம் வங்கியில் கடன் வாங்கி, வெளிச்சுவருக்குக் குளிர் தடுக்கும் உறை போட்டு, ஜன்னல், குழாய் எல்லாம் மாற்றுகிறது. கிரெட்எக்ஸ் என்ற அரசு நிதி அமைப்பு மானியமும் கொடுத்தது. இதில் பழைய பேங்க்காரனான எனக்கு வாயூறிய விஷயம், யாருடைய வீட்டையும் அடமானம் வைப்பதில்லை. கடன் சங்கத்தின் பெயரில். வங்கி பார்ப்பது, உறுப்பினர்கள் மாதத் தொகையை ஒழுங்காகக் கட்டுகிறார்களா, எத்தனை பேர் பாக்கி என்பதைத்தான். அதாவது நம் பொருளாளர் மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறாரே, நாம் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறோமே, அந்தப் பாக்கிப் பட்டியல்தான் அங்கே கட்டிடத்தின் ஜாமீன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன், ஐந்தே நிமிஷம். மாஸ்கோ நமக்குப் பாடப்புத்தகம் இல்லை. அங்கே நகராட்சி இடிக்கிறது, இங்கே நாமாகப் பில்டரைத் தேட வேண்டும். ஆனால் இரண்டு விஷயம் ஒன்றே. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, இரண்டு வருஷம் கழித்து 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தால் வேலை நின்றுவிடும் என்ற நிலை. மாஸ்கோவின் அதே கணக்கு இப்போது நம் வாசலிலும். ஒருவர் எல்லாரையும் முடக்குவது போனது நல்லதுதான். ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கில் நீங்கள் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது என்ன என்பதை ஓட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்பதில் பிரயோஜனம் குறைவு.

மற்றது அந்த நிலம். நம் பாஷையில் யூ.டி.எஸ்., பிரிக்கப்படாத பாகம். பில்டர் கொடுப்பது சதுர அடி வீடு. நாம் கொடுப்பது மண். சுலபமாக ஒரு கணக்கு. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் 6 வீடு என்றால் வீட்டுக்கு 400 சதுர அடி நிலம். இடித்து 12 வீடு கட்டினால் வீட்டுக்கு 200. வீடு பெரிதாகும், டைல்ஸ் பளபளக்கும், நிலம் பாதியாகும். தவறு என்று சொல்லவில்லை, அந்தப் பாதிக்கு என்ன விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அளவில் சமமா, விலையில் சமமா என்ற மாஸ்கோக் கேள்வி இதேதான்.

லோன் சீட்டில் இருந்தபோது நான் பார்த்த வரையில் பாதிப் பேருக்குத் தங்கள் பத்திரத்தில் யூ.டி.எஸ். எத்தனை என்று தெரியாது. சில அடுக்குமாடிகளில் எல்லாருடைய பாகத்தையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டிவிடும், சிலவற்றில் கொஞ்சம் யார் பெயரிலும் இல்லாமல் தொங்கும். நம் கட்டிடத்தில் எப்படி என்று கூட்டிப் பார்க்காமல் எந்தப் பில்டரிடமும் உட்காரக் கூடாது என்பது என் கோரிக்கை. விற்பனைப் பத்திரத்தில் நிலத்தின் அளவும் உங்கள் பாகமும் இருக்கும் அட்டவணைப் பக்கம் மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். விலை எழுதியிருக்கும் பக்கம் எனக்கு வேண்டாம், யார் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று நான் பார்க்கப் போவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களின் போன் நம்பர் தெரிந்தவர்கள் செயலாளரிடம் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஐந்து வீடுகளின் ஓட்டை யாரும் யாருக்காகவும் பிரிக்க வேண்டாம்.

நேற்று வரைக்கும் பி பிளாக்கில் பதினொன்று வந்திருக்கிறது, ஏ பிளாக்கில் நாலு. ஜெராக்ஸ் கடை இன்று எட்டரை மணி வரை திறந்திருக்கும். இனி உங்கள் கேள்விகள்.